இருநூறு எழுத்து

“ஒண்ணே ஒண்ணுதான் நீளமா இருக்கு. வாலை வெட்டிடலாம்னு பார்க்கிறேன்” என்றான் கத்தரி.

பக்கத்து மேசை அக்கா தலையைத் தூக்கவில்லை. “உயிரோட இருக்கிற ஆளா?”

“இருக்கார். உங்க பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கார்.”

அக்கா நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து அவனுடைய திரையைப் பார்த்தார்.

முந்நூற்றுப் பன்னிரண்டு ஊழியர்களின் விவரங்களைப் பழைய டேட்டாபேஸிலிருந்து புதியதற்கு மாற்றுவது அவன் வேலை. மாற்றியதைச் சரிபார்ப்பது அக்காவின் வேலை. விவரம் நிரப்பும் எந்தக் கட்டத்தைக் கண்டாலும் அளவைக் குறைக்காமல் விடமாட்டான் என்பதால் ஆபீசில் அவனுக்குக் கத்தரி என்று பெயர். ஒருமுறை முகவரிக் கட்டத்தை அவன் அளவெடுத்துத் தைத்ததில் நாற்பது பேருக்கு வீட்டு எண் இருந்தது, தெரு இல்லை.

இன்று மிச்சமிருந்தது ‘மேலாளர் கருத்து’ என்ற ஒரே கட்டம். ஆட்களின் அந்தரங்கம் என்பதால் உள்ளே எழுதியிருப்பது வெறும் நட்சத்திரக் குறிகளாகத்தான் தெரியும். எத்தனை எழுத்து என்று மட்டும் எண்ணலாம்.

எண்ணியிருந்தான். முந்நூற்றுப் பதினொரு பேருக்கு நூற்றுத் தொண்ணூறைத் தாண்டவில்லை. அவனுக்கு மட்டும் ஆயிரத்து எண்ணூற்று நாற்பது.

“அம்மாடி! அவ்வளவு எழுத உன்கிட்ட என்னப்பா இருக்கு?”

“குறைதான். என் நிறையை எழுதணும்னா நாலு எழுத்து போதுமே.”

எழுதியவர் போன மாதம் ஓய்வுபெற்ற மேலாளர். எல்லோருக்கும் அவர் பெரியவர். வாயைத் திறந்தால் ஏச்சில்தான் தொடங்குவார். நல்ல செய்தி ஏதாவது இருந்தால், கூட்டம் முடிந்து எல்லோரும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழும்போதுதான் அது வரும். கத்தரிக்கு அந்தச் செய்திகள் அநேகமாகத் தெரியாது. முதல் ஆளாக வெளியே போகிறவன் அவன்.

“டெக்ஸ்ட்னு போட்டுடு. எவ்வளவு நீளமா இருந்தாலும் கொள்ளும்” என்றார் அக்கா.

“வார்சார்னு போட்டா அளவு வைக்கலாம். இருநூறு எழுத்து, எல்லாருக்கும் தாராளம். ஒரு ஆளுக்காகக் கட்டத்தைக் கிணறு மாதிரி தோண்டணுமா?”

“அந்த ஒரு ஆள் நீ.”

“அதனாலதான்.”

குழுத் தலைவர் பதவி காலியாக இருந்தது. புதிய இயக்குநருக்கு இங்கே யாரையும் தெரியாது. புதிய டேட்டாபேஸில் இருப்பதைப் படித்துத்தான் ஆளைத் தேர்ந்தெடுக்கப் போகிறார். பதினொரு வருடமாகக் கத்தரி கண் வைத்திருந்த நாற்காலி அது.

“பெரியவருக்குப் போன் போட்டு என்ன எழுதினீங்கன்னு கேட்டுடேன்.”

“கேட்டா சொல்லிக் காட்டுவார், அக்கா. ஒருதடவை எழுதினது போதும். அவருக்குச் சூடு பிடிக்கவே இருநூறு எழுத்து ஆகும். முன்னுரையோட நின்னுடட்டும்.”

“மிச்சம் போனா வராது, தம்பி. மாத்தி முடிச்சதும் பழசை அழிச்சிடச் சொல்லியிருக்காங்க.”

“வரக்கூடாதுன்னுதானே வெட்டுறேன்.”

அளவு மீறினால் புதிய டேட்டாபேஸ் வாங்க மறுக்கும். இருநூறுக்கு மேல் இருந்தால் வெட்டி அனுப்பு என்று தனியாக ஒரு கட்டளை எழுத வேண்டியிருந்தது. எழுதினான். ‘ஒருவருடைய கருத்து மட்டும் வெட்டப்பட்டது, சம்பந்தப்பட்டவரின் முழுச் சம்மதத்துடன்’ என்று அக்கா தன் அறிக்கையில் குறித்தார். சிரிக்காமல்தான் குறித்தார்.

பத்து நாள் கழித்து இயக்குநர் கூப்பிட்டார். மேசைமேல் ஒரே ஒரு தாள் இருந்தது.

“நேரா சொல்லிடறேன். பதவியை வேற ஒருத்தருக்குக் கொடுத்தாச்சு. உங்களைப் பத்தி மூணு வரிதான் இருக்கு, மூணும் குறை. பிடிவாதக்காரர், அடுத்தவங்க பேச்சைக் கேட்கமாட்டார், தேவையில்லாத இடத்துல சிக்கனம் பார்ப்பார். அப்புறம் பாதி வார்த்தையில நிக்குது. இவ்வளவுதான் எழுதியிருந்தாரா?”

“அவ்வளவுதான் சார்” என்றான் கத்தரி.

வெளியே வந்தவன் முகத்தில் வருத்தத்தைவிட நிம்மதி அதிகமாக இருந்தது.

“என்ன ஆச்சு?” என்றார் அக்கா.

“நாற்காலி போச்சு. ஆனா வேலை தப்பிச்சுது. இருநூறு எழுத்துக்கே இந்தக் கதின்னா, முழுசும் போயிருந்தா என்னை மேசையோட தூக்கி வாசல்ல வச்சிருப்பாங்க. என் வாழ்க்கையில நான் சரியா அளந்த ஒரே கட்டம் இதுதான்.”

“உனக்கு வாய்ச்ச சந்தோஷத்தைப் பாரு” என்று அக்கா சொல்லிக்கொண்டிருக்கும்போது அவன் போன் அடித்தது. பெரியவர்.

“என்னடா தலைவரே, புது நாற்காலி எப்படி இருக்கு?”

“எனக்குக் கிடைக்கல சார். வேற ஒருத்தருக்குப் போயிடுச்சு.”

ஏச்சு வரப்போகிறது என்று கத்தரி போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தான். இருந்தும் அக்காவுக்கே தெளிவாகக் கேட்டது.

“முதல் மூணு வரி தவிர மிச்சம் பூரா, உன்னை விட்டா வேற ஆளே இல்லைன்னுதானேடா எழுதியிருந்தேன்?”