பதினேழாம் எண்ணின் தப்புக் கணக்கு

அரையும் காலும் சேர்ந்தால் எவ்வளவு என்ற கேள்விக்குப் பதினேழாம் எண் மறுபடியும் தப்பாகப் பதில் போட்டார். நான்கு மாதமாக அவர் முதல் பாடத்தைத் தாண்டவே இல்லை.

ஆய்வாளர் திரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். பிற்பகல் மூன்று மணி. கூட வேலை பார்த்த இருவரும் வேறு வேலை கிடைத்துப் போய் ஒரு வருடமாகிறது. அவர்களுடைய நாற்காலிகளில் இப்போது காகிதக் கட்டுகள் உட்கார்ந்திருந்தன.

பின்னக் கணக்கை முதலிலிருந்து கற்க விரும்பும் பெரியவர்களுக்காக அவர் உருவாக்கிய மென்பொருள் அது. சரியாகப் போட்டால் அடுத்த பாடத்துக்குக் கூட்டிப் போகும், தடுமாறினால் கணக்கை எளிதாக்கும். மூன்று முறை தொடர்ந்து தப்பாகப் போட்டால் திரையின் ஓரத்தில் ஒரு பெட்டி திறக்கும்; அதில் ஆய்வாளரே வந்து எழுத்தில் பேசி விளக்குவார்.

ஆய்வில் சேர்ந்த நாற்பது பேரில் மற்றவர்கள் அந்தப் பெட்டியை ஓரிரு முறை பார்த்ததோடு சரி. பதினேழாம் எண்ணுக்கு அது தினமும் திறந்தது. ஆய்வு விதிப்படி பெயரோ வயதோ தெரியாது, எண் மட்டும்தான்.

“ஒரு ரொட்டிய நாலு துண்டாக்குங்க. அதுல பாதின்னா எத்தன துண்டு?” என்று தட்டினார் ஆய்வாளர்.

“ரெண்டு.”

“அதோட இன்னும் ஒரு துண்டு சேத்தா?”

“மூணு.”

“அவ்வளவுதான்! அப்ப நாலுல எத்தன?”

வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது. “ஆறா?”

ஆய்வாளர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். காலி அறையில் அந்தச் சிரிப்பு யாருடையதோ போல் ஒலித்தது. காலையிலிருந்து அவர் வாயிலிருந்து வந்த முதல் சத்தம் அதுதான்.

மறுநாள் பேராசிரியர் கூப்பிட்டனுப்பினார்.

“அந்தப் பதினேழ எடுத்துடுங்க. வெள்ளிக்கிழமை அறிக்கை போகணும். எல்லாரையும் விட அதிகமா உதவி வாங்கினவர் ஒண்ணுமே கத்துக்கலேன்னா, உங்க ஆறு வருஷ உழைப்பு என்ன ஆகும்?”

“எப்படி சார் எடுக்கறது? அவர் ஒரு நாள்கூட லீவு போடல.”

“தினமும் வந்து அதே தப்பப் பண்றாராக்கும்?”

“அதுதான் சார் வேடிக்கை. ஒரு நாள் மேல மேல, கீழ கீழ கூட்டி ஆறுல ரெண்டுங்கறார். மறுநாள் பெருக்கிட்டு எட்டுல ஒண்ணுங்கறார். பண்ணின தப்பத் திரும்பப் பண்றதே இல்ல.”

“என்ன மூளையோ!” என்று பேராசிரியர் கோப்பை மூடினார். “ஆபீஸ்ல விலாசம் வாங்கிட்டு, கடைசித் தேர்வ நேர்ல போய் வையுங்க. பூஜ்யம் வாங்கினா நானே அந்த நம்பர அடிச்சுடுவேன்.”

வழியெல்லாம் ஆய்வாளர் பதினேழாம் எண்ணைக் கற்பனை செய்துகொண்டே போனார். இரவு முழுக்க ஆலையில் நின்றுவிட்டு, தூக்கக் கலக்கத்தோடு கணக்குப் போடும் ஓர் இளைஞன். பூஜ்யமே வாங்கினாலும் அவனைக் கைவிடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டார்.

ஒரு குடியிருப்பின் மூன்றாவது மாடியில் கதவைத் திறந்த அம்மாளுக்கு எழுபது வயதிருக்கும். நரைத்த தலை, தடித்த கண்ணாடி.

“பதினேழாம் நம்பர்…?”

“நான்தான். நீங்கதானே அந்தப் பெட்டிக்காரர்? உள்ள வாங்க தம்பி.”

ஒற்றைக் கட்டில், ஒரு மேசை. இரண்டாவது நாற்காலியைத் தூசு தட்டித்தான் அந்த அம்மாளால் தர முடிந்தது.

“இதோட பாடமெல்லாம் முடிஞ்சுதும்மா. இருபது கேள்வி, நாப்பது நிமிஷம். பயப்படாதீங்கம்மா. தெரியலேன்னா விட்டுடுங்க.”

அந்த அம்மாள் தாளை வாங்கி மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். ஒன்பதாவது நிமிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

விட்டுவிட்டார் போலிருக்கிறது என்று மனம் சோர்ந்துதான் ஆய்வாளர் திருத்த உட்கார்ந்தார். முதல் கணக்கு சரி. இரண்டாவதும் சரி. பத்தாவதைத் தாண்டியதும் முதலிலிருந்து மறுபடி சரிபார்த்தார்.

“அம்மா! இருபதுக்கு இருபது!” அவர் எழுந்தே நின்றுவிட்டார். “நாப்பது பேர்ல யாருமே இத வாங்கல. இனிமே என் ஆராய்ச்சிய யாரும் அசைக்க முடியாது! என்னோட எந்த விளக்கத்துல உங்களுக்குப் புரிஞ்சுதுன்னு மட்டும் சொல்லுங்க. அப்படியே எழுதிக்கறேன்.”

பேனாவைத் திறந்தார். அந்த அம்மாள் தாளின் மேல் கையை வைத்து மறைத்தார்.

“எழுதாதீங்க தம்பி. பொய்யாயிடும்.”

“ஏம்மா?”

“முப்பத்தாறு வருஷம் நான் கணக்கு டீச்சர். புள்ளைங்க எங்கெங்க தப்பு விடும்னு எனக்கு அத்துப்படி.”

ஆய்வாளர் மெல்ல உட்கார்ந்தார். தாளையும் அந்த அம்மாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்ப… நாலு மாசமா வேணும்னேதான் தப்பாப் போட்டீங்களா?”

அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார்.

“சரியாப் போட்டா, நீங்க போயிடுவீங்களே தம்பி.”