பத்மநாதனின் கம்பியூட்டர்

டொக்டர் இரகுநாதனுக்கு ஈ ஓட்டுவதே வேலையாகிப் போனது. எல்லாம் அந்தக் கம்பியூட்டர் வந்த பிறகுதான்.

பதுளைக் கடைத்தெருவில் எதிர்ப்பக்கம் டிஸ்பென்சரி வைத்திருந்த டொக்டர் பத்மநாதன், எண்பத்திரண்டாம் ஆண்டு அதைக் கொழும்பிலிருந்து கொண்டுவந்து இறக்கினார். அன்றிலிருந்து அவர் நோயாளியின் நாடியைக்கூடத் தொடுவதில்லை. காய்ச்சலா, வயிற்று வலியா என்று கேட்பார், பொத்தான்களைத் தட்டுவார், மருந்துச் சீட்டு கிர்ரென்று அச்சாகி வரும். அதை உள்ளே நீட்டினால் மருந்து. மூன்றாம் நாள் சுகம்!

பசறையிலிருந்தும் நமுனுகுலையிலிருந்தும் சனம் பஸ் பிடித்து வந்தது. இரகுநாதனிடம் நோயாளிகள் உட்காரும் வாங்கில் பூனை படுத்துத் தூங்கியது. இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் கதவைப் பூட்டிவிட்டு யாழ்ப்பாணத்துக்கு ரயிலேற வேண்டியதுதான். நினைக்க நினைக்க அவருக்கு வயிறு எரிந்தது.

லொறிக்கார மாரிசாமியைக் கூப்பிட்டுக் காதோடு சொன்னார்.

"ஞாயிற்றுக்கிழமை பத்மநாதன் பண்டாரவளைக்குப் போயிடுவார். பின்பக்கத்தாலை போய்க் கம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு வா. விளங்கிச்சோ?"

"தூக்கிறலாமுங்க. ஆனா, பாவமில்லீங்களா?"

"என்ன பாவம்? கம்பியூட்டர் இல்லாட்டி அந்தாளாலை ஒரு தடிமன் தும்மலுக்கும் மருந்து குடுக்கேலாது."

"அது ஊருக்கே தெரிஞ்சதுதானுங்க."

"மழையிலை நனையாமல் சாக்காலை மூடு. கீழை போட்டிடாதை!"

ஞாயிறு வந்தது. இரகுநாதனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நடுப்பகல் தூறலில் லொறி வந்து பின்வாசலில் நின்றது. மாரிசாமிக்கு மூச்சு வாங்கியது.

"ரொம்பப் பாரமுங்க! ஆனா ஒரு கீறல் இல்ல, பாத்துக்குங்க."

சாக்கை உருவினான். தொப்பியைச் சரிசெய்தபடி உள்ளே உட்கார்ந்திருந்தார் இத்ரூஸ். பத்மநாதனிடம் இருபது வருஷமாக மருந்து கலக்குகிறவர்.

"மடையா! நான் சொன்னது கம்பியூட்டரை!"

"அதானுங்க, கம்பவுண்டரை!"

இரகுநாதன் தலையில் கைவைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தொழில் போனது போதாதென்று இனிப் பொலிசும் வரும்.

இத்ரூஸ் சட்டைத் தூசியைத் தட்டிக்கொண்டு இறங்கினார்.

"அவனை ஏசாதீங்க டொக்டர், சரியான சாமானைத்தான் கொண்டுவந்திருக்கிறான். அந்தப் பெட்டி எழுதின மருந்தை இதுவரைக்கும் ஒருத்தருக்காவது நான் குடுத்திருந்தாத்தானே!"