நேப்பிள்ஸிலிருந்து இன்னும் கடிதம் வருகிறது

வாயில்காவலன் ஜெத்ரோ தபால்காரனுக்குத் தர வேண்டியது பதினொரு ஷில்லிங் நான்கு பென்ஸ். வெளிநாட்டுக் கடிதத்துக்கு வாங்குகிறவர்தான் கூலி கட்ட வேண்டும். குடும்ப முத்திரையிட்ட கடிதத்தைத் திருப்பி அனுப்பினால் வேலை போய்விடும். சீமாட்டி அரபெல்லா நேப்பிள்ஸிலிருந்து வீடு திரும்பி மூன்று மாதமாகியும், அங்கிருந்து அவர் கையெழுத்திலேயே கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன.

"நான் எழுதலைன்னு எத்தனை தடவை சொல்றது? காசு கிடையாது, போ!" என்று சீமாட்டி கத்தினார்.

"கையெழுத்து உங்களோடதுதானே, அம்மா?" என்றான் ஜெத்ரோ.

"அதான் எரிச்சலா இருக்கு!"

தபால்காரனும் விடவில்லை. "சனிக்கிழமைக்குள்ள தரலேன்னா உன்னை ஜெயில்லதான் வந்து பாப்பேன், மச்சான்."

கடைசிக் கடிதத்தைச் சீமாட்டி உரக்கப் படித்துவிட்டு அடுப்பில் எறிந்தார்: 'பாவம் ஜெத்ரோ. வந்ததும் அவன் கடனை நானே தீர்க்கிறேன்.'

சனிக்கிழமை காலை தபால்காரன் காசு கேட்டு நிற்கும்போதே வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது.

"யாரது?" என்று மாடியிலிருந்து சீமாட்டி குரல் கொடுத்தார்.

வண்டியிலிருந்து புழுதியோடு இறங்கிய சீமாட்டி அரபெல்லா, தபால்காரன் கையில் பதினொரு ஷில்லிங் நான்கு பென்ஸை எண்ணி வைத்தார்.