வாடை இல்லாத கூட்டாளி

சிநேகத்தின் விலை நானூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய். மேலப்பாளையம் ஆட்டு வியாபாரி கனி, செல்போன் விளையாட்டில் வெள்ளிக் கவச வேஷம் வாங்கியது அந்த விலைக்குத்தான். மறுநாளே ‘பொன்வேங்கை’ என்ற அழகன் கூட்டாளியானான்.

“என் மச்சான் மேல அடிக்கிற ஆட்டு வாடைக்கு, பக்கத்துல உக்காந்தா குடலைப் பொரட்டுது. சோறு இறங்க மாட்டேங்கு,” என்று தன் மச்சானும் வியாபாரப் பங்காளியுமான அம்மாரைப் பற்றி எழுதினான் கனி.

“எனக்கும் ஒருத்தன் வாச்சிருக்கான். மூக்கைச் சிந்துன கையை அப்படியே குழம்புல விடுவான். நாளைக்கு டவுண் அல்வாக் கடைக்கு வாங்க, நேர்ல பாப்போம்,” என்றது வேங்கை.

கனி அத்தர் பூசிக்கொண்டு போய் நின்றான். புதுச் சட்டையில் வந்து இறங்கினான் அம்மார்.

“இங்கன என்னலே செய்யுத?” என்றான் கனி.

“ஒரு கூட்டாளியப் பாக்கணும் மச்சான். விளையாட்டுல வெள்ளிக் கவசம் போட்டிருப்பாரு.”

கனியின் முகம் போன போக்கில் அம்மாருக்கும் விளங்கிவிட்டது. இருவரும் காறித் துப்பினார்கள்.

ஆளுக்கொரு கூட்டாளி செலவு. ஆளுக்கொரு மச்சான் இருப்பு. கணக்கு நேர்.