மூக்குத்தி இருந்த பக்கம்

ராஜம்மாளின் இடது மூக்குத்துளையில் கருவியை நுழைக்கக் குனிந்த டாக்டர் சதாசிவம், அப்படியே நின்றுவிட்டார்.

அவருடைய நெற்றிக் கண்ணாடியிலிருந்து தெறித்த ஒளி, அவளது வலது மூக்கிலிருந்த சிவப்புக் கல்லில் பட்டு மின்னியது.

மருந்தால் மூக்கு மட்டும் மரத்திருக்க, அவள் விழித்தபடி நாற்காலியில் அமர்ந்திருந்தாள். யோங் பெங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவள். சில வாரங்களாக மரத்தில் தான் போட்ட கோடே அவளுக்குத் தெரியவில்லை.

மண்டையோட்டின் நடுவே, ஆப்பெலும்புக்குள் இருக்கும் காற்றறையில் சீழ் கட்டிப் பார்வை நரம்பை நெரித்துக்கொண்டிருந்தது. இன்று திறக்காவிட்டால் எஞ்சிய பார்வையும் போய்விடும்.

அந்த அறை ஒருவருக்கு அமைந்ததுபோல் மற்றவருக்கு அமைவதில்லை. ஒருவருக்கு மொச்சைக் கொட்டையளவு. இன்னொருவருக்கு ஒரு குகை. அதை இரண்டாகப் பிரிக்கும் தடுப்பெலும்பு நட்டநடுவில் நிற்பதே அரிது. ராஜம்மாளுக்கு அது ஒரு பக்கமாக வளைந்து, மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் தமனியை மூடிய மெல்லிய எலும்பில் போய் ஒட்டியிருந்தது.

அந்தப் பக்கமாக நுழைந்தால் தமனி கிழியும். பிறகு செய்வதற்கு எதுவும் இராது.

ஆபத்து வலப்பக்கம் என்றது எக்ஸ்ரே படம். ஆகவே இடது துளை.

பக்கத்தைக் குறிக்கும் ஈய எழுத்தைப் படமெடுத்தவர் வைக்க மறந்திருந்தார். அன்று அங்கே நடந்த வாக்குவாதம் அப்படி.

"எங்க வீட்டுக்காரரு ஊருல உசுரோட இருக்கறப்ப மூக்குத்தியக் கழட்டச் சொல்றீங்களே, நல்லாவா இருக்கு?" என்று அவள் கேட்டதும், டாக்டருக்கு உதவும் டிரசர் மணியம் மூக்குத்தியோடேயே படமெடுக்கச் சொல்லிவிட்டிருந்தார்.

சதாசிவம் விளக்குப் பெட்டியில் தொங்கிய படத்தை ஏறிட்டுப் பார்த்தார். மூக்கின் ஓரம் ஒரு வெண்புள்ளி. அவர் படித்த முறையில் அது இடது மூக்கில் இருந்தது.

"ஏம்மா, மூக்குத்தியப் பக்கம் மாத்திப் போட்டியா?"

"மாத்திப் போட இதென்ன வளையலா அய்யா? குத்துன எடத்துலதான் கெடக்குது."

அவர் படத்தைக் கழற்றி, முன்பின்னாகத் திருப்பி மாட்டினார்.

வெண்புள்ளி வலப்பக்கம் போயிற்று. தடுப்பெலும்பு இடப்பக்கம் வந்தது. இவ்வளவு நேரமும் அவருடைய கருவி நீண்டிருந்த திசையில் தமனி நின்றது.

எங்கோ ஓர் ஊரில், ஓர் ஆசாரி ஒரு சிறுமிக்குக் குத்திய துளை, எவரும் கண்டிராத ஓர் அறைக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தது. சன்னலுக்கு வெளியே மூவார் ஆற்றில் ஒரு படகு ஊதியது.

"இனி வலது துளைதான்," என்றார் டாக்டர். மூக்குத்தி இருந்தால் மூக்கை விரிக்க முடியாது. அதைச் சொல்ல மணியம் வாயெடுத்தார்; முன்பு வாங்கியது நினைவுக்கு வர, மூடிக்கொண்டார்.

ராஜம்மாள் தானாகவே திருகாணியைத் தடவிக் கழற்றி, குரல் வந்த திசையில் நீட்டினாள்.

"கழட்ட வேண்டிய அன்னிக்கே கழட்டல அய்யா. கப்பலேறி ஊருக்குப் போன மனுசன் அங்கயே போய்ச் சேந்துட்டாரு, வருசம் ஆறாச்சு. தெரிஞ்சா லயத்து வீட்டுல ஒண்டியா நிம்மதியா இருக்க விடுவானுங்களா? வெளிய சொல்லிறாதீங்க. கண்ணு தெரிஞ்சதும் நானே மாட்டிக்கிறேன்."

டாக்டரின் உள்ளங்கையில் அது ஓர் அரிசியளவுகூட இல்லை.