துரையின் நாற்காலி

உப்பளத்தைக் கட்டி மேய்த்த வெள்ளைக்காரத் துரையின் பங்களா இப்போது அருங்காட்சியகம். திறப்பு விழாவில் படமெடுக்க அளத்திலிருந்து கூட்டிவந்த பெண்களில் ஒருத்தியான தையல்நாயகி, காலையிலிருந்து சிறுநீரை அடக்கிக்கொண்டு நிற்கிறாள். சிவப்புக் கயிறு கட்டிய வாசலுக்கு அப்பால் துரையின் குளியலறை. ஜன்னல் வெயிலில் ஒரு தேக்கு நாற்காலி பளபளக்கிறது. அதன் நடுவில் வட்டமாக ஓட்டை, அடியில் நீலப் பூப்போட்ட பீங்கான் சட்டி.

"துரை இதுலதான் போவாரு. சீமையிலேர்ந்து கப்பல்ல வந்துது," என்கிறான் சுற்றிக்காட்டும் ஜெரால்டு, சாமி சிலையைக் காட்டும் பவ்வியத்தோடு.

"நாங்க எங்கப்பா போறது?"

"இங்க பாத்ரூம் இன்னும் கட்டலக்கா. பின்னாடி முள்ளுக்காடு இருக்குது."

"அளத்துலயும் அங்கதான் போறோம். அதுக்கா இம்மாந்தூரம் வேன் வச்சி இட்டாந்தீங்க?"

ஜெரால்டு சிரிக்கிறான். தையல்நாயகி நீலப் பூக்களையே பார்க்கிறாள். பிறகு கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே நுழைகிறாள்.

"அக்கா, அத்தத் தொடக்கூடாதுக்கா."

கதவைச் சாத்துகிறாள். பித்தளைத் தாழ்ப்பாள் விழுகிறது. உள்ளே பீங்கான் ஒலிக்கிறது, நெடுநேரம், அவசரமில்லாமல்.