மூன்று தசமத்துக்குத் துல்லியமாக

"ஆத்தைக் கூறு போட்டு விக்கிறியாம்மா? கிலோமீட்டருக்கு ஒரு துண்டா வெட்டி வச்சிருக்கே!"

வெள்ளக் கணிப்புப் பிரிவின் தலைவர் காலையிலேயே ஆரம்பித்துவிட்டார். மூன்று தசமம் இல்லாமல் எந்த எண்ணையும் நம்பமாட்டார். அதனால் அலுவலகத்தில் அவருக்குப் பெயரே தசமம்.

உதவிப் பொறியாளர் அசரவில்லை. "மேல மழை கொட்டுது சார். அவசரத்துக்குக் கணக்கை இப்படித்தான் போட முடியும். சாயங்காலம் வளைவுத் தெருவுல இடுப்பளவு தண்ணின்னு வருது."

"என் வீடே அங்கதான் இருக்கு, எனக்கே பயம் காட்டுறியா? போன மாசம் உன் கணக்குல ஆறு மலை மேல ஏறுச்சே, மறந்துட்டியா?"

"அது மணிக்கு ஒரு கணக்குன்னு நேரத்தை ரொம்பப் பெரிய துண்டா வெட்டினதால சார். இப்போ சரி பண்ணிட்டேன்."

"கிழிச்சே! ஆறு என்ன குழாயா? ஒவ்வொரு வளைவும், ஒவ்வொரு புதரும் கணக்குல வரணும். ஐம்பது மீட்டருக்கு ஒரு துண்டு, அஞ்சு செகண்டுக்கு ஒரு கணக்கு. நானே போடுறேன். அதுவரைக்கும் ஒரு எச்சரிக்கையும் வெளியே போகக் கூடாது. போச்சுன்னா, உன் வேலையும் கூடவே போகும்!"

அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவள்தான், மதியம் தாண்டியும் ஆளைக் காணோம்.

'எங்கேயாவது உட்கார்ந்து டீ குடிச்சிட்டு இருப்பா மகராசி. நாளைக்கே மேலிடத்துக்கு எழுதிடறேன்' என்று கறுவிக்கொண்டே தசமம் ஆற்றைப் பொடிப்பொடியாக நறுக்கினார். கம்ப்யூட்டர் முக்கி முனகியது.

அவள் திரும்பி வந்து கொஞ்ச நேரத்தில் விடை வந்தது. வளைவுத் தெருவில் 1.047 மீட்டர்.

"பார்த்தியா? இதுக்குப் பேர்தான் துல்லியம்!"

"இடுப்பளவுதானே சார்? மணியைப் பாருங்க."

பார்த்தார். சாயங்காலம் ஆகிவிட்டிருந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வீட்டில் மனைவியும் படுத்த படுக்கையாக மாமியாரும்! போனை எடுத்தார்.

"நாங்க மத்தியானமே மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்துட்டோம்ங்க" என்றாள் மனைவி. "அம்மாவைக் கட்டிலோட தூக்கிட்டு வந்தாங்க. தெருவே இங்கதான் இருக்கு. வீட்டுக்குள்ள தண்ணி பூந்துடுச்சாம். எல்லாரும் உங்களைத்தான் கையெடுத்துக் கும்பிடுறாங்க."

"என்னையா? நான் என்ன பண்ணினேன்?"

"அடக்கத்தைப் பாரு! உங்க ஆபீஸ் பொண்ணு வீடு வீடா ஏறி இறங்கிச் சொன்னாளே... 'சார் கணக்குப் போட்டுட்டார், அவர் கணக்கு தப்பாது, கிளம்புங்க'ன்னு!"